படை எட்டாம் தேதிதான் ஊருக்குள் நுழையும்

மெண்டோசா, 1993 ஜனவரி 8

அன்புள்ள தங்கை நிடியாவுக்கு,

உன் அண்ணன் எவரிஸ்தோ எழுதுவது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை தவிர நமக்குள் வேறு எதுவும் போய்வந்து பல வருடமாகிறது. ஆகையால் உறையைக் கண்டதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

மலைக்கு இந்தப் பக்கமிருந்து சிலியை விடுவிக்கப் போன ஆண்டிஸ் படையின் மலைப்பயணத்தை முப்பத்தொரு வருடம் ஐந்தாம் வகுப்பில் கற்பித்தவன் நான். கரும்பலகையில் எத்தனை முறை மலையேறியிருப்பேன் என்று கணக்கில்லை. இந்த முறை நிஜமாகவே ஏறப் போகிறேன். 1817 ஜனவரி 18 அன்று நம் ஊரிலிருந்து கிளம்பிய படைப்பிரிவு, உஸ்பய்யாத்தா வழியாக மலையைத் தாண்டி, பிப்ரவரி 8 அன்று நீ இருக்கும் லோஸ் ஆண்டஸ் ஊருக்குள் நுழைந்தது. நானும் அதே 18 அன்று காரில் கிளம்பி, அதே வழியில் தங்கித் தங்கிப் போய், அதே 8 அன்று உன் சாப்பாட்டுக் கடை வாசலில் வந்து நிற்பேன். அவசரமே கிடையாது. படை தின்றதைத்தான் தின்பேன்: உப்புக்கண்டம் நான்கு கிலோ, வெங்காயம், பூண்டு. மலைக்காற்றில் மூச்சு முட்டாமலிருக்க அன்றைக்கு வெங்காயமும் பூண்டும்தான் மருந்து.

இன்னொரு விஷயம். காரின் பின் சீட்டைக் காலியாக வைத்திருக்கிறேன், உன் பெட்டி படுக்கைக்காக. உன் கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே லாரிக்காரர்களுக்குச் சமைத்துக் கொட்டிக்கொண்டு இன்னும் எதற்காக இருக்கிறாய்? இங்கே அம்மாவின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். படை போனது ஒரு நாட்டை விடுவிக்க. நான் வருவது உன்னை விடுவிக்க.

எவரிஸ்தோ,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
செயலாளர், வரலாற்று நண்பர்கள் குழு (உறுப்பினர் நால்வர்)

*

லோஸ் ஆண்டஸ், ஜனவரி 13

அண்ணா,

உறையைப் பார்த்ததும் செத்தது நீதான் என்று நினைத்தேன். அப்புறம்தான் விலாசம் உன் கையெழுத்து என்று உறைத்தது. நல்லது, நூறு வயசு இரு.

உன் படை இந்த ஊரை விடுவித்து நூற்று எழுபத்தாறு வருஷம் ஆயிற்று. விடுவித்தது போதும். நான் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன்.

உட்கார்ந்துகொண்டு மேலே படி. பிப்ரவரி 6, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மாப்பிள்ளை பெயர் லவுத்தாரோ. என் கடைக்குப் பக்கத்துப் பஞ்சர் கடை அவருடையது. ஆறு வருஷமாக மதியம் என் கடையில் சாப்பிடுகிறார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போகிற ஒரே ஆள். போன அக்டோபரில் தட்டைக் கழுவிக்கொண்டே, “நிடியா, இதையே நம்ம வீட்டுலயும் கழுவலாம்னு பாக்கறேன்” என்றார். காதல் வசனம் அவ்வளவுதான். எனக்கு ஐம்பத்தேழு வயது, அதுவே தாராளம். ஆமாம், இவரும் சிலிக்காரர்தான். மூஞ்சியைச் சுளிக்காதே.

இப்போது நீ எனக்குச் செய்ய வேண்டியது. பதிவாளர் என் கடைக்கே வந்து பதிவு செய்கிறார். ஆளுக்கொரு சாட்சி வேண்டும். மாப்பிள்ளை பக்கம் சாட்சிக்கு அடிதடி நடக்கிறது. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மட்டும் முப்பத்தெட்டு பேர். என் பக்கம் ஒரு ஈ காக்கை கிடையாது. 1962-ல், முதல் கல்யாணத்திலும் கிடையாது. அன்றைக்குப் பதிவு ஆபீஸைப் பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து எனக்காகக் கையெழுத்துப் போட்டாள். நல்ல மனுஷிதான். ஆனால் அவள் யாரோ, நான் யாரோ. இந்த முறை என் பக்கம் என் ரத்தம் ஒன்று நிற்க வேண்டும் அண்ணா. இருப்பது நீ ஒருத்தன்தான். எட்டாம் தேதி வேண்டாம். ஆறாம் தேதி பத்து மணிக்கு வா. குளித்துவிட்டு வா.

தபாலில் போட்டால் இது உன் படையைவிட மெதுவாக வரும். சபீனோ என்கிற லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நம்ம மெண்டோசாக்காரர், வாரத்தில் மூன்று நாள் மலை தாண்டுகிறவர். உஸ்பய்யாத்தா பெட்ரோல் பங்கில் நிற்பார், பதிலை அவரிடமே கொடு.

நிடியா

பி.கு. லவுத்தாரோ உன்னிடம் ஒன்று சொல்லச் சொல்கிறார்: “டயர்ல காத்தைக் கொஞ்சம் கொறச்சு வெக்கச் சொல்லு. மேல போகப் போக விரியும்.”

*

உஸ்பய்யாத்தா, ஜனவரி 22
பயணத்தின் ஐந்தாம் நாள்

நிடியா,

வாழ்த்துகள். மூன்று தாள் கிழித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் இந்த ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை.

பஞ்சர் ஒட்டுகிறவரா? இருக்கட்டும், எல்லாம் தொழில்தான். ஆனால் ஆறு வருடமாகத் தட்டுக் கழுவுகிற மனிதரைப் பற்றி ஒரு கிறிஸ்துமஸ் அட்டையிலாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த அறையின் சுண்ணாம்பு காய்வதற்குள் உன் கடிதம் வந்தது.

தேதி விஷயத்தில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. எட்டாம் தேதிக்கு முன்னால் எந்தப் படைவீரனும் உங்கள் ஊருக்குள் கால் வைக்கவில்லை. இரண்டு நாள் முன்னதாக நுழைந்தால் அதற்குப் பெயர் விடுதலை இல்லை, விருந்துக்குப் போவது. நீ கல்யாணத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வை. திங்கள் நல்ல நாள்.

பயணம் நன்றாக நடக்கிறது. பதினெட்டாம் தேதி காலை நண்பர்கள் குழு மூவரும் வந்து கொடியசைத்தார்கள். நாளுக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்று விதி வைத்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அந்த இருபத்தைந்தும் அரை மணியில் முடிந்துவிடுகிறது. மீதி நாள் பூராவும் என்ன செய்வது என்று விதியில் இல்லை. மாத்தே இலையில் தேநீர் போட்டு உறிஞ்சுகிறேன். குறிப்பு எழுதுகிறேன். எழுதிய குறிப்பில் “மாத்தே குடித்தேன்” என்பதைத் தவிர ஒன்றும் காணோம். படை கோவேறு கழுதைகளில் போனது, ஆகையால் காருக்கும் ‘கோவேறு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கியதால் முன்பக்கம் ஒரு பூண்டுச் சரம் கட்டினேன்.

உன் சபீனோ வாய் நீளமான ஆள். பங்கில் நாலு பேருக்கு முன்னால், “வாத்தியாரே, நான் காலைல கெளம்புனா மத்தியானம் அங்க சாப்பிடுவேன். நீங்க இருபத்தோரு நாளா? வழியெல்லாம் வெதைச்சுக்கிட்டே போறீங்களா?” என்று கேட்டான். சிரிக்காதவர் இல்லை.

டயர் பற்றிய யோசனைக்கு நன்றி தேவையில்லை. கோவேறு கழுதைக்கு யாரும் காற்று இறக்கியதாக எந்த ஆவணத்திலும் இல்லை.

எவரிஸ்தோ

பி.கு. இன்று மாலை பின்பக்க இடது டயர் வெடித்தது. தற்செயல்.

*

லோஸ் ஆண்டஸ், ஜனவரி 25

அண்ணா,

தற்செயலாம்! லவுத்தாரோவும் படித்தார். கடைக்குப் போய் உன் கார் அளவுக்கு ஒரு பழைய டயரைத் தேடி எடுத்து, சபீனோவின் லாரியில் கட்டி அனுப்பியிருக்கிறார். முறைக்கு மச்சான் சீர் என்று வைத்துக்கொள்.

திங்கட்கிழமை முடியாது. பதிவாளர் ஞாயிறு காலை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால் மாதக் கடைசியில்தான் திரும்புவார். இது பிப்ரவரி, கோடை விடுமுறை, இந்த நாட்டில் பிப்ரவரியில் நாயைத் தவிர யாரும் வேலை செய்வதில்லை. முப்பத்தெட்டு பேருக்கும் சனிக்கிழமைக்குச் சொல்லியாயிற்று. கல்யாணத்துக்கு எம்பனாதா, அதாவது இறைச்சி அடைத்த அப்பம், இருநூறு; இப்போதே சுட்டுப் பார்க்கிறேன் என்று வெங்காயம் அரிந்து என் கண் வீங்கிக் கிடக்கிறது. இதில் உனக்காக அழுத கண்ணீரும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், பெருமைப்பட்டுக்கொள்.

படை எந்தத் தேதியில் எந்தக் கல்லில் உட்கார்ந்தது என்று உனக்கு மனப்பாடம். உன் தங்கை எந்தத் தேதியில் தனியாக நிற்பாள் என்பது மட்டும் ஏறமாட்டேன் என்கிறதா?

நீ வராவிட்டால் சபீனோவை நிறுத்துகிறேன். கேட்ட உடனே தோளைத் தட்டிக்கொண்டார்: “வாத்தியார் வரலேன்னா நான் இருக்கேன்மா. நானும் மெண்டோசாதான, பொண்ணு வீடுதான? டை கூட எடுத்து வெச்சுட்டேன். ஊதாக் கலரு.”

நிடியா

*

பிச்செவுத்தா, ஜனவரி 28

நிடியா,

டயர் வந்து சேர்ந்தது. பொருத்தமாக இருக்கிறது. காற்றையும் குறைத்துக்கொண்டேன், டயரின் விருப்பம் அது.

ஊதா டையா? ஒரு பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் உயிரோடு குத்துக்கல்லாக இருக்கும்போது, வெங்காய லாரி ஓட்டுகிறவன் ஊதா டை கட்டிக்கொண்டு கையெழுத்துப் போடுவதா? ஊர் என்ன சொல்லும்? எட்டாம் தேதி நான் வந்து பார்க்கும்போது பத்திரத்தில் அவன் பெயர் இருக்குமா? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உப்புக்கண்டம் எப்படியும் இறங்குவதில்லை, இது வேறு.

நீ கேட்காவிட்டாலும் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1817-ல் ஜனவரி 24 அன்று நம் காவல் வீரர்கள் இந்த இடத்தில் எதிரியின் திடீர்த் தாக்குதலில் சிக்கினார்கள். ஆகையால் 24 காலை நானும் தாக்கப்பட வேண்டும். தனி ஆள் தன்னைத்தானே திடீரென்று தாக்கிக்கொள்வது லேசில்லை. படைவீரன் மாதிரி தைத்து வைத்திருந்த சீருடையைப் போட்டுக்கொண்டு பழைய கல்பாலத்தில் உட்கார்ந்து, எதிர்பாராமல் இருக்க முயன்றேன். இரண்டு மணி நேரம் எதிர்பாராமல் இருந்ததில் கண் செருகிவிட்டது. அப்போது சாலையில் போன சபீனோ என்னைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, காற்று ஹாரனை ஒரு நிமிடம் விடாமல் அடித்தான். கொதிக்கிற மாத்தே தொடையில் கொட்டிற்று. நான் போட்ட கூச்சலில் கீழே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஆற்றைத் தாண்டி ஓடின. வரலாறு வரி பிசகாமல் நிறைவேறியது என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

தேதியில் மாற்றமில்லை. மன்னித்துக்கொள்.

எவரிஸ்தோ

*

லோஸ் ஆண்டஸ், பிப்ரவரி 3

அண்ணா,

இரண்டாயிரத்து நூறு மீட்டர் ஏற்றத்திலும் உன் வீம்பு மூச்சு வாங்கவில்லை. சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்.

நீ எழுதிய சிறுநூலை என் அறையில் தேடி எடுத்தேன். எண்பத்தைந்தில் அட்டையோடு அட்டையாக அனுப்பினாயே, அதுதான். படித்ததில்லை, அலமாரிக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். நேற்று அலமாரியைத் தூக்கி எடுத்துப் படித்தேன். படை பிப்ரவரி 4 அன்று இங்கே சிலிப் பக்கம், குவார்தியா வியேகாவில், எதிரிக் காவலைப் பிடித்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அதற்கு முன்பே மலை உச்சியைத் தாண்டியாக வேண்டும், இல்லையா? நீ முப்பத்தொன்றாம் தேதியிலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் லாஸ் குவேவாஸில் உட்கார்ந்திருக்கிறாயாம். சபீனோ சொன்னார்: “காருக்கு ஒண்ணுமில்லம்மா. பழைய ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. பேச்சுக் குடுத்தா ‘ம்’ங்கறாரு. என்னைத் திட்டக்கூட இல்ல, எனக்கே பயமா இருக்கு.”

உன் படை உன்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது அண்ணா. ஆகையால் இனிமேல் தேதியைச் சொல்லாதே. உன்னைப் பிடித்து வைத்திருப்பது வேறு ஏதோ. என்ன அது?

நிடியா

*

லாஸ் குவேவாஸ், பிப்ரவரி 4

நிடியா,

சொல்கிறேன். சொன்ன பிறகு நீ சபீனோவையே நிறுத்திக்கொண்டாலும் குறை சொல்லமாட்டேன்.

1962 மார்ச்சில் உன் கல்யாணத்துக்கு நான் கிளம்பினேன். அம்மா மேசை விரிப்பு ஒன்று பின்னியிருந்தாள், அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். கோட்டுப் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். இந்த ஸ்டேஷனில் ஆவணச் சோதனைக்காக ரயில் முக்கால் மணி நின்றது. காபி குடிக்க இறங்கினேன். உட்கார்ந்த பிறகுதான், நீ வீட்டைவிட்டுப் போன அன்று வாசலில் நின்று நான் கத்தியது ஞாபகம் வந்தது. “ஒரு சிலிக்காரனுக்காகப் போறவ, திரும்பியே பாக்காத.” நீ திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னதை நீ கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எந்த முகத்தோடு வந்து நிற்பது என்று யோசித்தேன். முதல் மணி அடித்தது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டாம் மணி அடித்தது. கால் வரவில்லை. ரயில் என் கண்ணெதிரே சுரங்கத்துக்குள் போயிற்று. மறுநாள் வீட்டுக்குப் போய், பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது என்றேன். கோடைகூட முடியாத மார்ச் மாதத்தில் பனி! அம்மா முற்றத்துக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தாள். விரிப்பை வாங்கி உள்ளே வைத்தாள்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் வகுப்பில் படையை மலையேற்றினேன். உச்சிக்கு வரும்போது மணி அடித்துவிடும்படி பார்த்துக்கொள்வேன். அந்தப் பக்கம் எப்படி இறங்கியது என்று ஒரு வருடமும் என் வாயால் சொன்னதில்லை. இப்போது அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், கால் அதே மாதிரி கனக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது நிடியா. உன்னைப் பார்க்கத்தான்.

எவரிஸ்தோ

*

லோஸ் ஆண்டஸ், பிப்ரவரி 4, மாலை

அட மண்டு அண்ணா,

எனக்குத் தெரியும். கல்யாணத்தன்றே தெரியும். அந்த ரயிலில் டிக்கெட் பார்த்தவர் என் வீட்டுக்காரர் அன்செல்மோவோடு ரயில்வேயில் வேலை செய்த ஆள். கல்யாண மேசையில் உட்கார்ந்து அவரே சொன்னார்: “மேல லாஸ் குவேவாஸ்ல கோட்டுப் போட்ட ஒருத்தரு, மடியில ஒரு பார்சலை வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாருப்பா. ரயிலு போறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.” கோட்டு என்ன நிறம் என்று கேட்டேன். சொன்னார். எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், மணப்பெண் உடையோடு.

வராதவனை மன்னித்துவிடலாம். முக்கால் வழி வந்தவனை என்ன செய்வது? அதனால்தான் முப்பத்தொரு வருஷமும் அட்டையில் ‘நலம்’ என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். நானும் உன் கூடப்பிறந்தவள்தானே, வீம்பு எனக்கு மட்டும் குறைவா? அன்றைக்கே ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை. அது என் தப்பு.

இப்போது கேள். உச்சிப் பாதையில் ஏறாதே, கல் சரிந்து கிடக்கிறதாம். சாலைச் சுரங்கம் மூன்றே கிலோமீட்டர். உன் படை கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அவர்கள் யாருக்கும் நாளை மறுநாள் கல்யாணம் இல்லை. எழுந்திரு. கால் வராவிட்டால் காரில்தானே வருகிறாய், காலை எதற்கு நம்புகிறாய்?

நிடியா

*

சிலி எல்லைச் சோதனைச் சாவடி, பிப்ரவரி 5

என் அருமை நிடியா,

தாண்டிவிட்டேன். மூன்று கிலோமீட்டர், நான்கு நிமிடம். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், ஓட்டுகிறவன் நானாகப் போய்விட்டேன். வெளியே வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன.

அதற்குப் பிறகுதான் கெட்டது. சாவடியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘இறைச்சி, காய்கறி, பழம் ஏதேனும் உண்டா?’ இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை அது படைத் தளவாடம், இறைச்சி என்று தோன்றவே இல்லை. யஸ்னா என்று ஒரு பரிசோதகர் அம்மாள் வந்து, காரின் முன்பக்கம் தொங்குகிற பூண்டுச் சரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஐயா, இது என்ன?”

“மருந்தும்மா. வண்டிக்கு.”

“வண்டிக்கா?”

“மூச்சு வாங்குது.”

“டிக்கியத் தொறங்க.”

திறந்தேன். மூன்று கிலோவுக்கு மேல் உப்புக்கண்டம், அரை மூட்டை வெங்காயம். இதே பொருள் 1817-ல் இதே மலையைத் தாண்டித்தான் உங்கள் நாட்டுக்கு விடுதலை கொண்டுவந்தது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப எங்க ஆபீஸ் இல்லீங்களே ஐயா. இருந்திருந்தா அவங்களையும் நிறுத்தியிருப்போம்” என்றார்.

எல்லையில் தின்று முடிப்பதற்குத் தடை இல்லை என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள் அல்லவா? காலை பதினொன்றுக்குத் தின்ன ஆரம்பித்தேன். பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு தின்றேன். யஸ்னா அம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டார், தண்ணீர் கொடுத்தார். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர், “தாத்தா, அதுல பாதிய எங்கிட்டக் குடுங்க” என்றார். ஒரு படைவீரனின் உணவைப் பங்கு போடக் கூடாது என்றேன். இரண்டு மணிக்கு என் தாடை நின்றுவிட்டது. முக்கால் கிலோகூட ஆகியிருக்காது.

பிற்பகல் இரண்டு பத்துக்கு நிபந்தனையின்றிச் சரணடைந்தேன். மீதி உப்புக்கண்டம், வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெரிய அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் படிவத்தில் தவறாக எழுதியதற்கு மேலதிகாரி விசாரித்துக் கையெழுத்திட வேண்டுமாம். அவர் நாளைக் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். அதுவரை என் அடையாள அட்டை அவர்களிடம். கார் திங்கட்கிழமை வரை இங்கேதான். திங்கள் என்றால் எட்டாம் தேதி. ஆக, கார் மட்டும் வரலாற்றுப்படி ஊருக்குள் நுழையும்.

யஸ்னா அம்மாள் கேட்டார்: “இவ்வளவு பாடுபட்டு எதுக்குய்யா வர்றீங்க? ஊர் சுத்திப் பாக்கவா?” நான் தயாராக வைத்திருந்த உரை ஒன்று உண்டு, இரண்டு பக்கம். வாயைத் திறந்தால் வேறு வந்தது. “என் தங்கச்சிக்குக் கல்யாணம்மா.”

சபீனோவின் லாரியும் வரிசையில்தான் நிற்கிறது. காலை ஒன்பதரைக்கு விட்டுவிடுவார்களாம், அவனோடு வருகிறேன். பாரமேற்றிய லாரி அந்த வளைவுகளில் ஊர்ந்துதான் இறங்கும். பன்னிரண்டு, பன்னிரண்டரை ஆகும். எனக்காகக் காத்திருக்காதே என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். மனசு வரவில்லை. காத்திரு. கொஞ்சம் காத்திரு நிடியா.

இதைக் கீழே இறங்குகிற வேறொரு லாரியில் அனுப்புகிறேன்.

உன் அண்ணன்

*

லோஸ் ஆண்டஸ், பிப்ரவரி 6, காலை ஆறரை

அண்ணா,

இதை மேலே போகிற லாரியில் கொடுத்துவிடுகிறேன். சபீனோவின் வண்டியை எந்த வளைவில் கண்டாலும் நிறுத்திக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சபீனோவை வேகமாக ஓட்டச் சொல்லாதே, மெதுவாகவே இறங்குங்கள். எனக்கு அண்ணன் முழுசாக வேண்டும்.

லவுத்தாரோவின் ஆட்கள் நேற்றே வந்து இறங்கிவிட்டார்கள். கடை கொள்ளவில்லை, பஞ்சர் கடையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். நேற்று மாலை உன் கடிதம் வந்தபோது பதிவாளரும் இங்கேதான் இருந்தார், மேசையை எங்கே போடுவது என்று பார்க்க வந்தவர். பெண் வீட்டு ஆள் எல்லையில் மாட்டிக்கொண்டார், பன்னிரண்டரை ஆகும் என்றேன். மனுஷர் முணுமுணுத்தார். லவுத்தாரோ எழுந்து போய் அவர் காரின் நாலு டயரையும் குனிந்து பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கெழம கடற்கரைக்கு இந்த டயர்லயா போறீங்க? கல்யாணம் முடியறதுக்குள்ள பாத்துக் குடுத்துடறேன்” என்றார். ஒரு மணி வரை காத்திருப்பதாகப் பதிவாளர் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்:

“மாப்பிள்ளை வீட்டுல எத்தனை பேரும்மா?”

“முப்பத்தெட்டு.”

“பொண்ணு வீட்டுல?”

“எல்லாரும் வர்றாங்க” என்றேன்.

நிடியா